ராஜாவின் பஞ்சு வயிறு

"வயிறு கொண்டா!"

மாலையில் முதல் மணி அடித்ததும் ஒப்பனை அறையிலிருந்து இந்தக் குரல் வரும். கேட்டுப் பதற வேண்டியதில்லை. அந்த நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு வயிறு தனியாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி அவருடைய மனைவியின் இடுப்பில். கம்பெனித் துணிமணிகளைத் தைப்பது, துவைப்பது, ஒட்டுப் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் ஊருக்கெல்லாம் அவள் ஊசியக்கா. அவருக்கு மட்டும் "ஏம்மா".

நாடகம் ஒரு பெருந்தீனி ராஜாவைப் பற்றியது. திரைக்குப் பக்கத்திலிருந்து முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து ராஜா வருவார், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் கம்பெனியே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. ராஜா என்ற பெயர் அவருக்கு வேஷம் கலைத்த பிறகும் ஒட்டிக்கொண்டது.

நாடகம் தொடங்கிய புதிதில் மனிதர் ஈர்க்குச்சி. பலமாகக் காற்றடித்தால் கொடிக்கயிற்றில் போய் மாட்டிக்கொள்வார். ஊசியக்காதான் தடித்த துணியில் பை தைத்து, இரண்டு தலையணைப் பஞ்சை அதில் திணித்து, பின்னால் நாடா வைத்து ஒரு வயிறு செய்து கொடுத்தாள். அந்த வயிற்றுக்கு மேல் அளவெடுத்துச் சிவப்பு வெல்வெட்டில் கோட்டு தைத்தாள். தங்க நிறப் பொத்தான், ஓரமெல்லாம் ஜரிகை. கம்பெனி முதலாளி துணிக் கடையில் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஜென்மத்துக்கு இந்த ஒரு கோட்டுதான்" என்று அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் கோட்டின் நடுப் பொத்தான் மாட்டவில்லை.

"வெல்வெட்டு சுருங்கிடுச்சு" என்றார் ராஜா.

"ஆமா, வெல்வெட்டுன்னா சுருங்கும்" என்றாள் ஊசியக்கா. தையல் தெரிந்தவள் சொல்கிற பேச்சா இது? ஆனால் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் போனதும் பையின் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி தைத்தாள். பொத்தான் மாட்டியது. ஒரு பிடி பஞ்சில் தீருகிற விஷயத்துக்கு வீட்டில் ஒரு சண்டை எதற்கு என்பது அவள் கணக்கு.

அதற்கடுத்த வருஷமும் வெல்வெட்டு சுருங்கியது. அதற்கும் அடுத்த வருஷமும். எடுத்த பஞ்சைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. வீட்டுத் தலையணைக்குள் போட்டுத் தைத்தாள். அது நிரம்பியதும் இன்னொரு தலையணை, பிறகு நாற்காலிக்கு மெத்தை. கடைசியில் பெட்டிக்குள் மிஞ்சியது பஞ்சில்லாத வெறும் துணிப்பை. தன் வயிற்றின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிய ராஜா உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். எப்படித் தெரியும்? ஒப்பனை அறைக் கண்ணாடி முகத்தை மட்டும் காட்டும். முகம் இன்னும் ஒட்டிய கன்னம்தான். கை காலும் அதே குச்சிதான். வீட்டில் அவர் போடுகிற சட்டையெல்லாம் ஊசியக்கா தைத்த தொளதொளச் சட்டை. கால்சட்டை இடுப்பில் எலாஸ்டிக் வேறு. மருந்துக்கடை வாசலில் காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரமும் பழைய எடையிலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. கையிலும் காலிலும் இருந்த சதை மெல்ல மெல்ல வயிற்றுக்குக் குடிபெயர்ந்தது பற்றி அந்த இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமீபகாலமாகக் குனிந்து பார்த்தால் தன் பாதம் தெரிவதில்லை என்பதை அவரே கவனித்திருந்தார். மேடையில் விளக்கு போதவில்லை என்று முதலாளியிடம் புகார் செய்தார்.

ஆகவே தினமும் சாயங்காலம் "வயிறு கொண்டா!" நடந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கி நிற்பார். ஊசியக்கா வெறும் பையைப் பயபக்தியோடு முன்னால் வைத்து, பின்னால் நாடாவை இறுக்கிக் கட்டுவாள். நாடகம் முடிந்ததும் அவிழ்ப்பாள். உடனே அவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா! பாரம் இறங்கிச்சு!" என்று நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பை ஒரு கைக்குட்டை எடைகூட இருக்காது. அவர் முகத்தில் தெரிகிற அந்தச் சுகத்தைப் பார்த்தால் அவளுக்கு எதையும் சொல்ல வாய் வராது.

மனிதர் அதோடு நிறுத்தினாரா? அதுதான் இல்லை. புதிதாகக் கம்பெனியில் சேருகிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, "வயிறு இல்லாதவன் வயிறு இருக்கறவனா நடிக்கணும்யா. அதுதான் கலை" என்பார். பிறகு மனைவி பக்கம் கண்ணைக் காட்டி, "இங்க பாரு, ராஜாவுக்கு வயிறு இரவல். ஊசியக்காவுக்கு இடுப்பு சொந்தம்" என்பார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே அகலம். பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில்தான் போவாள். சாப்பிடும்போது அவள் தட்டை எட்டிப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா? என்னைப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். அவள் சிரித்து வைப்பாள். பஞ்சு முழுவதும் தன் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் சிரிக்கிற சிரிப்பு அது.

அந்தத் தைரியத்துக்கு ஒரு டாக்டரம்மாவால் ஆபத்து வந்தது.

கம்பெனி வெளியூர்களுக்கு நீண்ட பயணம் போக இருந்தது. போகிற இடத்தில் யாராவது படுத்துக்கொண்டால் நாடகமும் படுத்துவிடும் என்று பயந்த முதலாளி, எல்லோருக்கும் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தார். முடிவுகள் வந்ததும் டாக்டரம்மாவை அரங்கத்துக்கே வரவழைத்தார். மேடையில் மேஜை போட்டார்கள். பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்கார வேறு நாற்காலி இல்லாததால் சிம்மாசனத்தை நகர்த்திப் போட்டார்கள்.

ராஜாவுக்கு ஏக உற்சாகம். டாக்டரம்மா தன் மனைவியைக் கண்டிக்கப் போவதைப் பார்க்கத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார். எடை பார்த்தார்கள். அவர் எடை வரம்புக்குள், அவள் எடை வரம்புக்கு மேல். "பாத்தீங்களா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். கூட்டமும் வழக்கம்போலச் சிரித்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். அவரை நேராக நிற்க வைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நூலைப் பிடித்து வெட்டினாள். அதைச் சரிபாதியாக மடித்து, அவர் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு முனையும் சந்திக்கவே இல்லை. நடுவில் ஒரு சாண் வயிறு காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"உங்க உயரத்துல பாதிக்குள்ள உங்க வயிறு அடங்கணும். அடங்கலையே" என்றாள்.

அடுத்து ஊசியக்கா. அவளுக்கு ஒரு நூல், அதற்கும் ஒரு மடிப்பு. இடுப்புக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்தபோது முனைகள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு விரல் அளவு மீதியும் இருந்தது. ஊசியக்கா நம்பாமல் நூலையே பார்த்தாள். இத்தனை வருஷம் அடுத்தவர்களை அளந்தவளுக்குத் தன்னை அளந்து பார்க்கத் தோன்றியதே இல்லை.

"எடை முக்கியந்தான். ஆனா அது எங்க போய் உக்காருதுங்கறது அதைவிட முக்கியம்" என்றாள் டாக்டரம்மா. "அக்காவுக்குத் தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேந்திருக்கு. அது பெரும்பாலும் அங்கயே அடங்கிக் கிடக்கும். முட்டி வலிக்கும், கொஞ்சம் குறைச்சா நல்லது, அவ்வளவுதான். உங்களுக்கு வயித்துக்குள்ள சேந்திருக்கு. குடலுக்கும் ஈரலுக்கும் நடுவுல இடம் பிடிச்சு உக்காந்திருக்கு. அது சும்மா இருக்காது. சர்க்கரையை ஏத்தும், ரத்த அழுத்தத்தை ஏத்தும், நெஞ்சுல போய்க் கைவைக்கும். உங்க ரத்தத்தைப் பாத்தா சர்க்கரை நோய் வாசல்படி வரைக்கும் வந்துடுச்சு. இப்பவே பாத்துக்கிட்டா திருப்பி அனுப்பிடலாம். விட்டா இந்த வேஷத்தை ரொம்ப நாள் போட முடியாதுங்க."

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மேடையில் தடுமாறிப் பழக்கமில்லாதவர். உடனே சுதாரித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நீங்க ஆளைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு வயிறே கிடையாது. தினமும் பொய் வயிறு கட்டித்தான் நடிக்கிறேன். நிஜமா வயிறு இருக்கறவனுக்கு எதுக்குங்க பொய் வயிறு? கம்பெனி முழுக்கச் சாட்சி. இதோ, கட்டி விடறவளே நிக்கறா. ஏம்மா, சொல்லு!"

எல்லோரும் ஊசியக்காவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த நூலைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். உள்ளே பஞ்சில்லை என்று சொன்னால் மேடையில், அத்தனை பேர் நடுவில், அவர் மானம் போகும். பஞ்சு இருக்கிறது என்று சொன்னால் டாக்டரம்மா சொன்னது பொய்யாகும்.

"தினமும் நான்தான் கட்டி விடறேன்" என்றாள். அது உண்மைதான்.

"கேட்டீங்களா!" என்றார் ராஜா. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார். வயிறு முன்னால் போனது.

ஊசியக்காவுக்குப் பயம் வந்தது. பயம், சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம். இந்த மனிதர் தன் உடம்பை நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, அந்தப் பையை நம்புகிறார். பையைப் பொய்யாக்கியது யார்? இவள் கை. வருஷா வருஷம் ஒரு பிடி. அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்த பஞ்சு இப்போது அவர் கண்ணையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. வாயால் சொன்னால் நம்பமாட்டார். நூலையே நம்பாதவர் இவள் பேச்சையா நம்புவார்?

மறுநாள் மத்தியானம் அவர் ஒத்திகைக்குப் போனதும் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்துத் தலையணையைக் கிழித்தாள். இன்னொன்றையும் கிழித்தாள். நாற்காலி மெத்தையையும் விடவில்லை. பஞ்சு வீடெல்லாம் பறந்து, அவள் தலைமுடியில் ஒட்டி, அரை மணி நேரத்தில் அவளை ஒரு கிழவியாக்கிவிட்டது. முதல் வருஷம் எத்தனை பஞ்சு வைத்தாளோ அத்தனையையும், ஒரு பிடி குறையாமல், பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்த வயிற்றுப் பைக்குள் திணித்துத் தைத்தாள். வயிறு தரையில் தானாக உட்கார்ந்தது.

அவள் போட்டிருந்த திட்டம் சாதுவானது. அவர் ஒப்பனை அறைக்குச் சீக்கிரம் வருவார், யாரும் இல்லாத நேரத்தில் கட்டிக் காட்டுவாள், கோட்டு மாட்டாது, அவருக்கே புரியும். ஆனால் மனிதர் அன்றைக்கென்று பார்த்து டாக்டரம்மாவின் நூலைப் பற்றித் தெருமுனை டீக்கடையில் கதாகாலட்சேபம் நடத்திவிட்டு, முதல் மணி அடித்த பிறகு ஓடிவந்தார். முகத்தில் பவுடரைப் பூசிக்கொண்டே கத்தினார்.

"வயிறு கொண்டா!"

அவள் கொண்டுவந்தாள். கட்டினாள். நாடா எட்டவில்லை. தன் முந்தானையைக் கிழித்து ஒட்டுப் போட்டு இழுத்து முடிந்தாள்.

"என்னம்மா இன்னிக்கு இப்படிக் கனக்குது?"

"ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

இரண்டாவது மணி. அவர் கோட்டுக்குள் கையை விட்டார். பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. "ஒரே நாள்ல இப்படியா சுருங்கும் இந்தப் பாழாப்போன வெல்வெட்டு!" என்று பல்லைக் கடித்தார். மூன்றாவது மணி அடித்தது. அவள் கைக்குக் கிடைத்த சால்வையை அந்த இடைவெளியில் போட்டு ஊசி குத்துவதற்குள் அவர் மேடைக்கு ஓடிவிட்டார்.

வயிறு நுழைந்தது. நுழைந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் ராஜா வருவதற்குள்ளேயே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வழக்கம்போல் மூன்று படி ஏறினார், மூச்சு வாங்கியது. அது நடிப்பில்லை என்பது திரைக்குப் பின்னால் நின்ற ஊசியக்காவுக்கு மட்டும் தெரிந்தது. சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். வசனப்படி எழுந்து மந்திரியை விரட்ட வேண்டும். எழுந்தார். சிம்மாசனமும் எழுந்தது. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் வயிறு கச்சிதமாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

மந்திரி வேஷக்காரர் வசனத்தை மறந்து வாயைப் பிளந்தார். ராஜா சிம்மாசனத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து கர்ஜித்தார்.

"மந்திரி! இந்த ராஜ்யத்துலயே என்னை விட்டுப் பிரிய மனசில்லாதது இந்த நாற்காலி ஒண்ணுதான்யா! நீயும் இருக்கியே!"

கொட்டகை அதிர்ந்தது. மந்திரி நாற்காலியை இழுக்க, ராஜா இந்தப் பக்கம் இழுக்க, சேவகர்கள் இரண்டு பேர் ஓடிவந்து இழுக்க, அந்தக் காட்சி முடியவே மனசில்லாமல் முடிந்தது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. ஊசியக்கா மட்டும் சிரிக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தவர் கதவைச் சாத்தினார். நெற்றியில் பவுடரும் வியர்வையும் கலந்து ஓடியது. இரண்டு கையையும் தூக்கினார். அவள் அவிழ்த்தாள். வயிறு தரையில் விழுந்து, ஒருமுறை உருண்டு, சுவரோரம் சாய்ந்து நின்றது.

அன்றைக்கு அவர் "அப்பாடா" சொல்லவில்லை. சுவரோரம் இருந்த வயிற்றைப் பார்த்தார். குனிந்து தன்னைப் பார்த்தார். அவிழ்த்த பிறகும் ஒன்று மிச்சமிருந்தது.

"இன்னிக்கு இதுக்குள்ள என்ன வெச்ச?"

"பஞ்சுதாங்க. மொத வருஷம் வெச்ச அதே பஞ்சு."

"அப்ப, நேத்து வரைக்கும் நான் கட்டினது?"

"வெறும் பை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

"தினமும் கழட்டினதும் அப்பாடா, பாரம் இறங்கிச்சுன்னு சொன்னேனே, அது?"

"அது நல்லா நடிச்சீங்க."

அவர் மீசை துடித்தது. எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று அவள் ஒதுங்கி நின்றாள். வெடிக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எப்படிங்க சொல்றது? நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. நானும் ஒவ்வொரு பிடியா எடுத்துட்டேன்." அவள் சுவரோரம் இருந்த பையைக் காட்டினாள். "பஞ்சுன்னா நான் எடுத்துடுவேங்க. உள்ள போய் உக்காந்திருக்கே, அதை எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் யாருக்குங்க தைப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். பஞ்சு ஒட்டிய தலையோடு ஒரு பொம்பளை உட்கார்ந்து அழுவது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் அவள் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா உன் இடுப்பைக் கேலி பண்ணினேனே" என்றார்.

"அதுக்குத் தனியா கணக்கு வெச்சிருக்கேன்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் மேஜைக் காலடியிலிருந்து சீட்டு வெளியே வந்தது. மேஜை மறுபடி ஆடியது. ராஜா பஞ்சு வயிற்றைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். "நீங்க சொன்னது நிஜம்தாங்க. சாட்சியைக் கையோட கொண்டாந்திருக்கேன்" என்று அவள் மேஜை மேல் வைத்தார். வயிற்றை மட்டும் தனியாகக் குறைக்க ஏதாவது பட்டை, எண்ணெய், மந்திரம் உண்டா என்றும் கேட்டுப் பார்த்தார்.

"இந்த இடத்துல மட்டும் குறையட்டும்னு உடம்புக்கு உத்தரவு போட முடியாதுங்க. நீங்க மேடையிலதான் ராஜா" என்றாள் டாக்டரம்மா. "நடங்க. தட்டுல சோத்தைக் குறைச்சு காய்கறியைக் கூட்டுங்க. சர்க்கரை போட்ட டீயை நிறுத்துங்க. நேரத்துக்குத் தூங்குங்க. மொத்த உடம்பும் கேக்கும், வயிறும் கேக்கும்."

கேட்டது, ஆனால் உடனே கேட்கவில்லை. ராஜா முதல் நாள் நகர்வலம் போகிற தோரணையில் கையை வீசி நடந்தார். மூன்றாம் நாள் முட்டி வலி என்று போர்வைக்குள் புகுந்துகொண்டார். ஊசியக்கா தன் முட்டியையும் இழுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். டீக்கடை வந்தால் அவர் கால் தானாகத் திரும்பும். அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு அவர் முகத்தில் காட்டிய சோகத்தை மேடையில் காட்டியிருந்தால் கம்பெனி துக்க நாடகமும் போட்டிருக்கலாம். வெளியூர்ப் பயணத்தில் தினமும் ஒரு புதுத் தெருவாகப் பார்த்து நடந்தார்கள். வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே நடந்ததால் தூரம் தெரியவில்லை.

பயணம் முடிந்து திரும்பியபோது டாக்டரம்மா மறுபடி நூலை மடித்தாள். முனைகள் இன்னும் சந்திக்கவில்லை; ஆனால் இடைவெளி நாலு விரல்தான். சர்க்கரை வாசல்படியிலிருந்து இரண்டு அடி பின்வாங்கியிருந்தது. ஊசியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் கோட்டுப் பொத்தான்களை மாட்டிவிட்டுப் பார்த்தாள். வெல்வெட்டு தொளதொளவென்று ஆடியது.

"ஏம்மா, வெல்வெட்டு விரிஞ்சுடுச்சு போல இருக்கே" என்றார் ராஜா, ஓரக்கண்ணால் பார்த்து.

"ஆமா, வெல்வெட்டுன்னா விரியும்" என்றாள். சிம்மாசனம் சிக்கிய மறுநாளே பையைக் காலி செய்து பெட்டியில் போட்டுவைத்திருந்த பஞ்சை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பைக்குள் மூன்று பிடி வைத்துத் தைத்தாள்.

நாடகம் முடிந்தது. அவர் வந்து கையைத் தூக்கினார். அவள் நாடாவை அவிழ்த்தாள்.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "பாரம் இறங்கிச்சு!" பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார். "இது நடிப்பு இல்லம்மா."

"தெரியுதுங்க" என்றாள் ஊசியக்கா, பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டே. "ஆனா மூணு பிடி பஞ்சுக்கு இவ்வளவு பெரிய அப்பாடா வேண்டாம். கொஞ்சம் குறைச்சுக்கங்க. அடுத்த மாசம் நாலு பிடி வெக்கணும்."